எல்கைப் பந்தயமும் சக்கரத் தச்சும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில், பாக் நீரிணையின் கரையில், கோட்டைப்பட்டினத்தை அடுத்து அமைந்திருக்கும் ஜெகதாப்பட்டினத்தை வெளியுலகம் பெரும்பாலும் அதன் மீன்பிடி துறைமுகத்தாலும், விசைப்படகுகளாலும், கடலுக்குச் சென்ற நம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையினரிடம் சிக்கித் துயருறும் செய்திகளாலுமே அறிந்திருக்கிறது. ஆனால் கடலுக்கு முதுகு காட்டித் தரைப் பக்கம் திரும்பி நின்று பார்ப்பவருக்கு வேறொரு காட்சியும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை என்று இக்காலத்தில் வழங்கும் நெடுவழியும், மணமேல்குடி, ஆவுடையார்கோயில், அறந்தாங்கி என்று பல திசைகளிலும் செல்லும் அவ்வட்டாரத்துச் சாலைகளும், கோயில் திருவிழாவை ஒட்டியோ பொங்கலை ஒட்டியோ ஏதேனும் ஒரு காலை வேளையில் பேருந்துகளுக்கு வழி அடைத்துவிட்டு, மாட்டு வண்டிகளுக்கும் குதிரை வண்டிகளுக்கும் உரிய பந்தயக் களமாக மாறிவிடுகின்றன. எல்கைப் பந்தயம் என்று மக்கள் இதனைச் சொல்கிறார்கள். புறப்பட்ட இடத்திலிருந்து குறித்த எல்கை வரையில் ஓடி, அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே மீண்டும் வந்து சேர வேண்டும் என்பதே இதன் விதி.

மாடுகளின் அளவை ஒட்டிப் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. தூரம் இன்றும் மைல் கணக்கிலேயே பேசப்படுகிறது. வண்டியைச் செலுத்துபவருக்குச் சாரதி என்று பெயர். இதில் ஈடுபடுகிறவர்களுள் பெரும்பாலோர் பந்தயத்தால் ஜீவனம் நடத்துபவர்கள் அல்லர். விவசாயியும், சிறு வியாபாரியும், வெளிநாடு சென்று பொருள் ஈட்டித் திரும்பியவரும், தம் கைப்பொருளைச் செலவிட்டு, மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் வண்டிக்கு மரமும் வாங்கி, ஆசை ஒன்றையே காரணமாகக் கொண்டு ஓடுகிறவர்கள். உலகமெங்கும் மோட்டார்ப் பந்தயத்தில் தொழில்முறை சாராமல், சொந்தச் செலவில், வார இறுதி நாட்களில் கார் ஓட்டுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் மனோபாவத்தில் வேற்றுமை இல்லை என்பதே என் துணிபு. இரு சாராரையும் ஒரே கேள்வி வாட்டுகிறது: கனமின்றியும் இருக்க வேண்டும், உடையாமலும் இருக்க வேண்டும் என்றால், சக்கரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாட்டின் குலமும் கொம்பும் சுழியும் பற்றிப் பேசுவதற்கு ஊருக்கு நூறு பேர் உண்டு. சக்கரத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும் தமிழ் இலக்கியம் சக்கரத்தை மறந்ததில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியின் வலிமையைப் பகைவருக்கு எடுத்துரைக்கப் புகுந்த ஔவையார், நாள் ஒன்றுக்கு எட்டுத் தேர் செய்துவிடக்கூடிய கைத்திறன் படைத்த தச்சன் ஒருவன், ஒரு மாத காலம் முழுவதையும் செலவிட்டுச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அவனை ஒப்பிடுகிறார். புறநானூற்றின் 87-ஆம் பாட்டு அது. புலவர் எத்தனையோ பொருள்களை எடுத்துக்கொண்டிருக்கலாம். அவற்றை விட்டு, தேரின் எல்லா உறுப்புகளிலும் அதிகமான உழைப்பும் அறிவும் எங்கே சென்று குவிகின்றன என்பதை அறிந்தவராய்ச் சக்கரத்தை எடுத்தார். விரைவில் செய்யக் கூடியவன் வேண்டுமென்றே மெதுவாகச் செய்த பொருள் என்ற அந்த நுட்பம், பந்தயச் சக்கரம் செய்யும் எந்தக் காலத்துக் கைவினைஞனுக்கும் பொருந்தும்.

அதே தொகையில் 102-ஆம் பாட்டு, அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. உப்பு ஏற்றி உள்நாடு செல்லும் உமணர், மாடுகளோ இளையவை, வண்டியிலோ பாரம் மிகுதி, வழியில் மேடும் பள்ளமும் எப்படி இருக்குமோ யார் அறிவார் என்று எண்ணி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிவைத்துக்கொண்டு போகிறார்கள் என்றும், அந்தச் சேம அச்சைப் போன்றவன் அவன் என்றும் புலவர் கூறுகிறார். இன்று ஸ்டெப்னி இல்லாமல் காரை எடுக்க அஞ்சுகிறவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முன்னோர் இருந்திருக்கிறார்கள். ஆனால் இதில் பந்தயத்துக்கான பாடமும் அடங்கியிருக்கிறது. பாரவண்டிக்காரன் உடைவதை எதிர்பார்த்து மற்றொன்றைச் சுமந்து செல்லலாம். பந்தயக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. சேம அச்சின் எடையே அவனைத் தோற்கடித்துவிடும். ஆகவே அவனுடைய அச்சும் சக்கரமும் முதலிலேயே ஐயத்துக்கு இடமின்றிச் செய்யப்பட வேண்டும்.

மரச் சக்கரத்தின் உறுப்புகள் மூன்று: நடுவே குடம், அதிலிருந்து பிரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சூழ்ந்த வட்டை. இவற்றை எல்லாம் இறுக்கிப் பிடிப்பது இரும்புப் பட்டை. நாட்டுக் கருவேல மரமும் வாகையும் நம் பக்கத்தில் வண்டி வேலைக்குப் பெயர் பெற்றவை. கருவேலத்தின் அடர்த்தியும் அதிர்ச்சியைத் தாங்கும் குணமும் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவை. மரத்தை வெட்டிய ஈரத்தோடு வேலை செய்தால், பின்னர் உலர்ந்து சுருங்கி ஆரக்காலின் பொருத்துவாய்கள் தளர்ந்துவிடும் என்பதால், அதனைப் பல மாதங்கள் நிழலில் காயவிடுவார்கள். வெயிலில் காயவிட்டால் வெடிக்கும். அவசரப்பட்டால் பந்தய நாளில் பழி வாங்கும்.

பட்டை கட்டும் நாளே சக்கரத்தின் ஜன்ம தினம் என்று சொல்லலாம். பட்டையை வட்டையின் சுற்றளவைக் காட்டிலும் சிறிது குறைவாகவே கருமான் அடித்து ஒட்டுகிறான். பிறகு வறட்டியை அடுக்கித் தீ மூட்டி, இரும்பு முழுவதும் ஒரே சீராகக் காயும்படி செய்து, விரிந்த பட்டையை இடுக்கிகளால் தூக்கி வந்து வட்டையின் மீது இறக்கி, மரம் புகையத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே தண்ணீர் ஊற்றுகிறார்கள். நாலரை அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 14 அடி. இரும்பை 500 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் அந்தச் சுற்றளவு சுமார் ஓர் அங்குலம் நீளும். குளிரும்போது அந்த ஓர் அங்குலமும் திரும்பச் சுருங்க முயன்று, வட்டையை ஆரக்கால்களின் மீதும், ஆரக்கால்களைக் குடத்தின் மீதும் அழுத்துகிறது. ஆணியும் பசையும் செய்ய முடியாத காரியத்தை வெப்பம் செய்து முடிக்கிறது. எவ்வளவு குறைத்து அடிப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அதிகம் குறைத்தால் ஆரக்கால் வளையும் அல்லது பொருத்துவாய் பிளக்கும். குறைவாகக் குறைத்தால் கோடை வெயிலில் மரம் உலர்ந்து பட்டை கழன்றுவிடும். கடற்கரைப் பிரதேசங்களில் காற்றின் ஈரம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுவதால், ஐப்பசி மழையில் சரியாக இருந்த சக்கரம் சித்திரையிலும் சரியாக இருக்கும் என்ற உறுதி இல்லை.

பந்தயத்துக்கென்று வரும்போது இந்தக் கணக்குகள் எல்லாம் இன்னும் நுட்பமாகிவிடுகின்றன. வண்டியின் மேற்பகுதியில் உள்ள ஒரு கிலோ எடையும், சக்கரத்தின் விளிம்பில் உள்ள ஒரு கிலோ எடையும் சமம் அல்ல. மேலே உள்ளது முன்னோக்கி நகர்ந்தால் போதும். விளிம்பில் உள்ளதோ முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டும். ஆகையால் ஓட்டத்தின் வேகத்தை உயர்த்தும்போதெல்லாம் விளிம்பின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகவே கணக்கில் வருகிறது என்று பௌதிக சாஸ்திரம் காட்டுகிறது. பட்டையை மெலிதாக அடிப்பதும், வட்டையைச் சீவிக் குறைப்பதும், குடத்தை மட்டும் பருமனாகவே விட்டுவிடுவதும் இந்த உண்மையை ஒட்டிய செயல்களே. குடம் மையத்தில் இருப்பதால் அதன் எடை சுழற்சிக்கு அதிகம் தடையாவதில்லை. அதே வேளையில் எல்லா ஆரக்கால்களின் பொருத்துவாய்களும் அங்கேதான் கூடுகின்றன என்பதால், அங்கே மரத்தைக் குறைப்பது தற்கொலைக்குச் சமானம். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்று அறிவதுதான் இலேசான சக்கரத்தின் ரகசியம். எல்லா இடத்திலும் சிறிது சிறிதாகச் சீவுகிறவன் பலவீனமான சக்கரத்தைத்தான் செய்வான்.

மற்றொரு சோதனை எல்கையில் காத்திருக்கிறது. நேர்ச்சாலையில் சக்கரம் மேலிருந்து வரும் பாரத்தை மட்டும் தாங்கினால் போதும். எல்கையில் மாடுகள் முழு வேகத்தையும் அடக்காமல் திரும்பும்போது, வண்டியின் பளு முழுவதும் வெளிப்புறச் சக்கரத்தின் மேல் சாய்ந்து, அதனைப் பக்கவாட்டில் மடக்கப் பார்க்கிறது. தட்டையான சக்கரம் இந்தப் பக்கத் தள்ளலை ஏற்பதில் பலம் குறைந்தது. ஆரக்கால்களைச் சற்றே சாய்த்துப் பொருத்திச் சக்கரத்துக்கு ஒரு குழிவைக் கொடுத்தால், அந்தத் தள்ளலை ஆரக்கால்கள் தம் நீளவாக்கிலேயே எதிர்க்கின்றன. இது பல நாட்டுத் தச்சர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே கண்டுபிடித்த உபாயம். மோட்டார்க் காரின் இரும்புச் சக்கரத்தின் நடுத்தகட்டைக் குவித்தும் குழித்தும் அச்சடித்திருப்பதைப் பார்க்கிறோமே, அதுவும் இதே நோக்கத்துக்காகச் செய்யப்பட்டதுதான்.

எடையைப் பற்றிய கவலையே இல்லாத சக்கரமும் தமிழ்நாட்டில் உண்டு. திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களுக்குத் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் தடைக் கருவிகளும் செய்து கொடுத்தது நம் காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறந்த காரியம். அங்கே உறுதி ஒன்றே இலட்சியம். நூறு டன்களைத் தாண்டிய பாரத்துக்கு அதுவே முறை. பந்தயக்காரனுடைய இக்கட்டு அதைவிடப் பெரியது என்று நான் கருதுகிறேன்.

மரத்துக்கும் இரும்புக்கும் மாற்றாக ரப்பரும் வந்தது. 1887-இல் ஸ்காட்லாந்துக்காரராகிய டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். அவர் பெயரால் அமைந்த கம்பெனி இந்தியாவில் தொழிற்சாலை நிறுவி, மாட்டு வண்டிக்கான டயரையும் பரப்பியதன் பயனாக, டயர் வண்டி நம் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. மாட்டின் கழுத்துச் சுமையும் சாலையின் சேதமும் குறைந்தன என்பதில் ஐயமில்லை. பெங்களூரில் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடியதும் இதே கருணையினால்தான். ஆனால் பாரத்துக்கு ஏற்ற அந்தக் கனத்த டயரும் இரும்பு அச்சும் பந்தயத்துக்கு ஒவ்வாதவை. சந்தைக்குப் போகும் வண்டி ரப்பருக்கு மாறிய பின்னும், பந்தய வண்டி ஆரக்காலையும் பட்டையையும் கைவிடாமல் இருந்ததற்குப் பழமைப் பற்றை மட்டும் காரணமாகச் சொல்வது தவறு.

மோட்டார்ப் பந்தயமும் மரச் சக்கரத்திலேயே பிறந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1906-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்ஸில் லெ மான் நகரை அடுத்த பொதுச் சாலைகளில், இரண்டு நாட்களில் 1,238 கிலோமீட்டர் ஓடிய முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தில், ஹங்கேரியராகிய ஃபெரென்ஸ் ஸிஸ் செலுத்தி வென்ற ரெனோ காருக்கு மர ஆரக்கால்களே இருந்தன. கூரிய கற்களும் உருகிய தாரும் நிறைந்த அந்தச் சாலையில் டயர்கள் ஓயாமல் கிழிந்தன. பழைய முறையில் டயரை அறுத்தெடுத்து மாற்றுவதற்கு ஏறக்குறைய கால்மணி நேரம் பிடித்தது. மிஷெலின் கம்பெனியார் செய்து கொடுத்த கழற்றி மாட்டும் விளிம்பு இருந்தாலோ நான்கு நிமிஷங்களுக்குள் வேலை முடிந்தது. ஆனால் அந்த விளிம்பு ஒவ்வொன்றும் வழக்கமானதைவிட 9 கிலோ அதிக எடை உடையது. காரின் மொத்த எடை 1,000 கிலோவைத் தாண்டலாகாது என்று விதி இருந்தபடியால், சில கம்பெனியார் அதனை மாட்ட இயலாமல் நின்றனர். எடையைக் கூட்டிக் காலத்தை மிச்சப்படுத்தியவன் வென்றான் என்பதை இலேசான சக்கரத்தின் மேல் மோகம் கொண்டவர்கள் மறந்துவிடக் கூடாது.

மரத்தை அடுத்துக் கம்பிச் சக்கரம் வந்தது. 1808-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயராகிய ஜார்ஜ் கேலி, பறக்கும் இயந்திரத்துக்காகச் சிந்தித்துக்கொண்டிருக்கையில் இதன் தத்துவத்தைக் கண்டார். மர ஆரக்கால் கீழிருந்து பாரத்தைத் தாங்கி நிற்கிறது. கம்பியோ இழுவிசையால் வேலை செய்கிறது. குடம் தரையின் மீது நிற்கவில்லை, மேற்புறக் கம்பிகளில் தொங்குகிறது என்று கூறுவது பெரும்பாலும் பொருந்தும். இழுவிசைக்கு மெல்லிய எஃகே போதும் என்பதால் எடை வெகுவாகக் குறைந்தது. 1924-இல் லியோன் பந்தயத்துக்குப் புகாட்டி கம்பெனியார் கொண்டுவந்த கார்களிலோ, தட்டையான எட்டுக் கால்கள் கொண்ட சக்கரத்தை, பிரேக் உருளையோடு சேர்த்து ஒரே அலுமினிய வார்ப்பாகச் செய்திருந்தார்கள். அன்று டயர்கள் பிரிந்து அவர்களைத் தோற்கடித்தன என்றாலும், வார்ப்புச் சக்கரத்தின் யுகம் அங்கிருந்தே தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மக்னீசியம் வந்தது. எஃகின் அடர்த்தி 7.8, அலுமினியத்தினுடையது 2.7, மக்னீசியத்தினுடையது 1.74 என்ற மூன்று எண்களைப் பார்த்தால், பந்தயக்காரர்கள் ஏன் அதன் பின்னே ஓடினார்கள் என்பது விளங்கும்.

இனி நம் பக்கத்து மோட்டார்ப் பந்தயத்துக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அங்கே நடத்திய பந்தயங்கள், 1980-களின் இறுதிவரை தென்னாட்டில் பெருங்கூட்டத்தைத் திரட்டின. சோழவரத்தில் ஓடியவர்களுள் மன்னர் குலத்தவரும் செல்வரும் இருந்தார்கள். கோண்டல் மகாராஜாவும் விஜய் மல்லையாவும் வெளிநாட்டுப் பந்தயக் கார்களையே கொண்டு வந்தார்கள். ஆனால் என் அபிமானம், அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் ஃபியட்டையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குத் தயார் செய்த சாமானியர்களிடமே செல்கிறது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அக்காலத்தில், வெளிநாட்டு மக்னீசியச் சக்கரம் அவர்களுக்கு எட்டாக் கனி. 1960-இல் டி.வி.எஸ். குழுமத்தார் ஆங்கில டன்லப்போடு கூடித் தொடங்கி, சென்னையின் பாடியில் ஆலை நிறுவிய வீல்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் அச்சடித்த சாதாரண எஃகுச் சக்கரமே அவர்கள் கைக்கு எட்டியது.

அது ஒரு குறையே அன்று என்று சொல்வேன். எஃகு உடைவதற்கு முன் வளைகிறது. வளைந்ததைக் கண் காண்கிறது. ஓரளவு வளைந்ததைத் தட்டி நேராக்கவும் முடிகிறது. வார்ப்பு மக்னீசியமோ உள்ளே நுண்ணிய கீறலை வளர்த்துக்கொண்டே, வெளியே அழகு மாறாமல் இருந்து, ஒரு திருப்பத்தில் திடீரென்று பிளந்துவிடக் கூடும். அன்றியும் கடற்காற்றில் உள்ள உப்பு மக்னீசியத்தை வெகு விரைவில் அரித்துவிடுகிறது. சாயப் பூச்சில் ஒரு சிராய்ப்பு இருந்தால் போதும். ஜெகதாப்பட்டினம் போன்ற ஊரில், படகின் இரும்புத் தளவாடங்களைத் துரு தின்பதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் பின் புதுச் சக்கரம் மாட்டக்கூடிய தொழில்முறைக் குழுவுக்கு ஏற்ற உலோகம், ஒரே சக்கரத்தைப் பல பருவங்கள் ஓட்ட வேண்டிய ஆசைக்காரனுக்கு ஏற்றதாகாது. எடையில் நடுத்தரமாகவும், அரிப்பைத் தாங்குவதாகவும், விலையில் எட்டக்கூடியதாகவும் இருக்கும் அலுமினியக் கலப்பு உலோகம் பிற்காலத்தில் அவனுக்குத் துணையாக வந்தது. அதிலும் வார்த்ததைக் காட்டிலும் அழுத்தி அடித்துச் செய்தது உறுதி மிக்கது.

சக்கரம் ஒரே அடியில் உடைவது அரிது; திரும்பத் திரும்ப வரும் சிறு பாரங்களால்தான் அது சோர்ந்து உடைகிறது. 1842-இல் பிரான்ஸில் வெர்சேயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் அச்சு முறிந்து பலர் மாண்ட பின்பே இவ்விஷயத்தில் அறிஞர்களின் கவனம் திரும்பியது; பின்னர் ஜெர்மானியராகிய அவுகுஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைக் கொண்டு நீண்ட சோதனைகள் செய்து, உலோகத்தின் சோர்வுக்கு இலக்கணம் வகுத்தார். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு ஆரக்காலையும் சுத்தியலால் தட்டி ஓசை கேட்கும் தச்சனும், நட்டுத் துளைகளைச் சுற்றிக் கீறல் உண்டா என்று விளக்கைப் பிடித்துப் பார்க்கும் மெக்கானிக்கும் வெவ்வேறு மொழியில் ஒரே சோர்வைத்தான் தேடுகிறார்கள்.

கோயம்புத்தூரின் கரிவரதன், 1980-களின் பிற்பகுதியில், நாட்டில் எளிதாகக் கிடைத்த மாருதி 800-இன் இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டியபோது, இந்தச் சிக்கனத்தின் தத்துவம் ஒரு பள்ளியாகவே உருப்பெற்றது. கைக்கு எட்டும் உறுப்புகளைக் கொண்டு, கணக்கிட்டு, எடை குறைத்து, நடுத்தர வகுப்பு இளைஞரும் ஓட்டக்கூடிய காரைச் செய்தார் அவர். 1995-இல் விமான விபத்தில் அவர் அகால மரணம் அடைந்தது தென்னாட்டுப் பந்தயத்துக்கு நேர்ந்த பேரிழப்பு. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோழவரத்துக்குப் பதிலாக 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தளமும் வந்துவிட்டது. மோட்டார்ப் பந்தயத்துக்குப் பெரும்பாலும் சாலை தேவையில்லாமல் போயிற்று.

எல்கைப் பந்தயமோ இன்னும் சாலையிலேயே நிற்கிறது. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோதும், 2017 ஜனவரிக் கிளர்ச்சிக்குப் பின் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டபோதும், தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகியவற்றின் திருத்தங்கள் செல்லும் என்று 2023 மே 18-ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தபோதும், விவாதம் மாட்டைப் பற்றியே நிகழ்ந்தது. வாயில்லா ஜீவனின் துன்பத்தைப் பற்றி வாதிட்டது முற்றிலும் நியாயமே. ஆனால் சக்கரமும் அந்தத் துன்பத்தோடு தொடர்புடைய பொருள் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. விளிம்பில் குறையும் ஒவ்வொரு கிலோவும் மாட்டின் கழுத்தில் குறையும் பாரம். குடத்தில் சரியாக எண்ணெய் இட்டு உராய்வைக் குறைப்பது சாட்டையைக் காட்டிலும் வேகம் தரும். நல்ல சக்கரத்தை விதியாக வற்புறுத்தும் பந்தயக் குழு, மாட்டுக்குச் செய்யும் உபகாரம் பெரிது.

அறந்தாங்கிப் பக்கத்துப் பட்டறைகளில் டிராக்டர் டிரெயிலருக்கு வெல்டு வைக்கும் வேலையே இன்று மிகுதி. ஆரக்கால் செதுக்கவும் பட்டை கட்டவும் அறிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. பந்தயத்தில் ஆசை கொண்டவர்கள் தரும் வேலைதான் எஞ்சியிருப்பவர்களைத் தாங்குகிறது. 1910-இல் தோன்றிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில், பந்தயத்தில் ஓடிய மரச் சக்கரம் ஒன்றை அச்சுடனும் கடையாணியுடனும் சேர்த்து வைக்க வேண்டும். குடம் என்ன மரம், ஆரக்கால் என்ன மரம், பட்டையின் கனம் எவ்வளவு, எத்தனை மாதம் உலர்ந்தது, செய்த தச்சரும் பட்டை அடித்த கருமானும் யார், எந்தெந்தப் பந்தயத்தில் எத்தனை மைல் ஓடியது என்பவற்றை, அந்தத் தச்சர் உயிரோடு இருக்கும்போதே அவர் வாய்மொழியாகக் கேட்டு, அதன் அருகில் எழுதி வைக்க வேண்டும்.